ஆலங்கொட்டாயின் நீலப் புள்ளி

என் தங்கை கலைமதி போட்ட படத்தில் ஆலங்கொட்டாய் மட்டும் நீலமாக இருந்தது. சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் ஆரஞ்சும் சிவப்புமாக இருக்க, நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளியால் அவளுக்கு வேலை போகவிருந்தது.

படம் என்றால் கையால் வரைவது இல்லை. தருமபுரியில் ஒரு கல்லூரியில் நிலத்தடி நீரைச் சோதிக்கும் திட்டம் நடக்கிறது. ஊர் ஊராகப் போய் போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து, அதில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை விழும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாலு பேர் சேர்ந்து சிரித்தாலே தெரிந்துவிடும். சோதனையில் கிடைத்த எண்களைக் கணினியில் கொடுத்து வரைபடமாக மாற்றுவதுதான் கலைமதியின் வேலை. அதற்கு ஆக்டேவ் என்று ஒரு மென்பொருள் வைத்திருக்கிறாள். காசில்லாமல் கிடைப்பது. பெரிய பெரிய கணக்குகளைப் போடும், போட்டதைப் படமாகவும் காட்டும். கெட்ட தண்ணீர் சிவப்பு, நல்ல தண்ணீர் நீலம்.

நான் பத்தாவதோடு நின்றவன். பென்னாகரத்தில் குட்டியானை வண்டி வைத்து வீடுகளுக்குக் கேன் தண்ணீர் போடுகிறேன். மென்பொருள் பற்றி இங்கே எழுதியிருப்பதை எல்லாம் கலைமதியிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொண்டேன். ஆகவே அந்த விஷயத்தில் தப்பு இருக்காது.

அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்ல அப்பாவின் தக்காளிக் காட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்போது அவள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். சொட்டுநீர்க் குழாயில் ஒரு வரிசையின் கடைசிப் பக்கத்துச் செடிகள் வாடிக் கிடந்தன. எங்கேயோ அடைப்பு. நான் தண்ணீர் வந்து சேரும் தலைப்பிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. நேராக நடுக்குழாய்க்குப் போய் அதைக் கழற்றினாள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

"ண்ணா, இது வரைக்கும் நல்லாத்தான் வருது. நீ பாக்கற பக்கம் பாக்கவே வேணாம், எந்திரிச்சு வா."

மீதியிலும் நடுவில் கழற்றினாள். அதில் மீதியிலும் நடுவில். ஒரு நத்தை ஓட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அப்பா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சியப்பா, களி உருண்டைய நீ ஓரத்துல கிள்ளற. இவ பாதியாப் பொளக்கறா" என்றார்.

கடத்தூரில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் அப்புறம் கணிதம் எடுத்து எம்.எஸ்சி. வரை போனாள். எங்கள் குடும்பத்தில் அவள்தான் முதல். ஊரில் சிலர், "கணக்குப் படிச்சவள எவன் கட்டுவான்?" என்று கேட்டார்கள். "கணக்குத் தெரிஞ்சவன் கட்டுவான்" என்று சொல்லி வைத்தேன். ஒரு வருட ஒப்பந்தத்தில் இந்தத் திட்டத்தில் சேர்ந்தாள். ஒப்பந்தம் முடிகிற மாதத்தில்தான் இந்தப் புள்ளி வந்தது.

முதலில் வேறு தொல்லைகள் இருந்தன. படம் ஊர்க்காரர்களுக்கும் புரிய வேண்டும் என்று தமிழில் தலைப்பும் ஊர்ப் பெயர்களும் போட்டாள். எழுத்து வரவில்லை, வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது. "என்னடி, பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டிருக்கியா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து, தமிழ் தெரிந்த எழுத்துரு ஒன்றை அதற்குக் காட்டிய பிறகு பாப்பாரப்பட்டி பாப்பாரப்பட்டியாகவே வந்தது.

அடுத்தது நிறம். மாதத்துக்கு ஒரு படம். நாமாக எல்லை எதுவும் சொல்லாவிட்டால் அந்த மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் இருப்பதற்குள் பெரிய எண்ணுக்கு அடர் சிவப்பும் சிறிய எண்ணுக்கு அடர் நீலமும் தானே கொடுத்துவிடும். அதனால் மழைக்குப் பிறகு தண்ணீர் கொஞ்சம் தேறிய மாதத்திலும் அதே சிவப்பு. ஒரு வகுப்பில் எல்லோரும் குட்டையாக இருந்தாலும் ஒருத்தனை உயரமானவன் என்று கடைசி பெஞ்சில் போடுவது போலத்தான். எல்லா மாதத்துக்கும் ஒரே அளவுகோலைக் கட்டிப்போட்டு, ஒன்றரைக்கு மேலே ஆரஞ்சு, இரண்டுக்கு மேலே சிவப்பு என்று எல்லை வைத்தாள். படங்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.

எல்லாம் சரியான பிறகும், கடைசி மாதத்தில் புதிதாகச் சேர்த்த ஊரான ஆலங்கொட்டாய் நீலமாகவே நின்றது. திட்டத்தின் தலைவி சகாயமேரி மேடம் அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டது.

"கலைமதி, சுத்தி எல்லாம் செவப்பு, நடுவுல ஒரு ஊருக்கு மட்டும் மினரல் வாட்டர் எப்படிம்மா வரும்? நீ எழுதுன ப்ரோகிராம்ல எங்கயோ தப்பு இருக்கு. வியாழக்கிழமை ரிவ்யூல அதிகாரிங்க முன்னாடி இதப் போடணும். எந்தெந்த ஊருக்கு ஃபில்டர் வைக்கறதுன்னு இதப் பாத்துதான் முடிவு பண்ணுவாங்க. அதுக்குள்ள காரணம் சொல்லு. இல்லன்னா மேப் வேலைய வெளிய குடுத்துடறேன். எனக்கு வேற வழி இல்ல."

வேலையை வெளியே கொடுத்தால் இவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அங்கே ஒன்றும் இருக்காது.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன்.

"ஒரு ஊருதான? அந்தப் புள்ளிய எடுத்துடேன் பாப்பா."

"எடுத்துட்டா சுத்தி இருக்கற செவப்ப இழுத்து கம்ப்யூட்டரே மூடிடும்ண்ணா. பாக்க அம்சமா இருக்கும். அப்புறம் ஆலங்கொட்டாய் தண்ணிய நான் பாத்தேன்னு எப்படி எழுதறது?"

பிறகு தக்காளிக் காட்டில் செய்ததையே செய்தாள். அவள் எழுதிய நிரல் நீளமானது. மேலே எண்களைப் படிக்கும், அப்புறம் ஊர்களின் இடத்தோடு சேர்க்கும், ஊருக்கும் ஊருக்கும் நடுவே உள்ள இடத்தைக் கணக்குப் போட்டு நிரப்பும், கடைசியில் நிறம் பூசும். அவள் நடுவில் நிறுத்தி, அந்த இடத்தில் ஆலங்கொட்டாய்க்கு என்ன எண் இருக்கிறது என்று பார்த்தாள். குறைவாகவே இருந்தது. அப்படியானால் நிரப்புவதிலும் நிறத்திலும் பிழை இல்லை. மேல்பாதியில் மறுபடி நடுவில் நிறுத்தினாள். அங்கும் அதே எண். கடைசியில் முதல் வரிக்கே வந்துவிட்டாள். ஆய்வகம் கொடுத்த தாளில் இருந்ததும் அதே எண்தான்.

"தலைப்புல வர்ற தண்ணியே இப்படித்தான் இருக்குதுண்ணா" என்றாள். "அடைப்பு என் குழாய்ல இல்ல." சொல்லும்போது குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. ஆனால் மேடம் கேட்டது காரணம். அது இன்னும் கையில் இல்லை.

ஆலங்கொட்டாய் நான் கேன் போடும் லைனில் உள்ள ஊர்தான். அடுத்த நாள் காலையில் குட்டியானையில் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள், மடியில் காலி பாட்டில்கள். தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீட்டில் நஞ்சம்மாள் பெரியம்மா இருக்கிறார். மாடு வைத்திருப்பவர். வாரம் ஒரு கேன் வாங்குவார். நான் கேனை இறக்கி வைக்க, அவர் கலைமதியைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"வா கண்ணு. வெயிலு இப்பவே சுள்ளுங்குது. குடி."

கலைமதி குடித்தாள். பாதியில் நிறுத்தினாள். செம்புக்குள் பார்த்தாள்.

"பெரியம்மா, இது போர் தண்ணியா?"

"அய்ய, வூட்டுக்கு வந்த புள்ளைக்கு அந்த உப்புத் தண்ணியவா குடுப்பாங்க? இது உங்கண்ணன் கேன் தண்ணி."

"போன மாசம் காலேஜ் புள்ளைங்க பாட்டிலோட வந்தாங்களே..."

"ஆமா, ரெண்டு பேரு. பாவம், வேத்து ஊத்தி நின்னுச்சுங்க. கரண்டு இல்ல, மோட்டாரு ஓடல, தொட்டியும் காலி. பாட்டில நாந்தான் வாங்கி ரொப்பிக் குடுத்தேன்."

"எதுல இருந்து ரொப்புனீங்க?"

நஞ்சம்மாள் பெரியம்மா கேனைக் கண்ணால் காட்டினார். கலைமதி செம்பையும் கேனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குடிக்கக் கேட்டாங்கன்னு நெனச்சிட்டீங்களா?"

"டெஸ்ட்டுக்குன்னு சொன்னாங்களே! அதனாலதான கண்ணு நல்ல தண்ணியா குடுத்தேன். காலேசு வரைக்கும் போவுது. ஆலங்கொட்டாய் தண்ணி நாறுதுன்னு நாலு படிச்சவங்க சொல்லலாமா? பொண்ணு பாக்க வந்தா பொட்டில இருக்கற சீலையத்தான எடுத்துக் கட்டறோம்?"

நான் சிரிப்பை அடக்க வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கலைமதிக்கு அடக்கத் தெரியவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இத்தனை நாளும் அவள் கணினியில் துரத்திக்கொண்டிருந்தது நான் இறக்கி வைத்த கேன்.

பெரியம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "தப்பாப் போச்சா கண்ணு?"

"உங்க தண்ணி நல்லாருக்குன்னு எழுதிட்டா உங்கூருக்கு ஃபில்டர் வைக்க மாட்டாங்க பெரியம்மா."

"அடப்பாவத்தே! கழுவாத மூஞ்சியோட போட்டோ புடிக்கணும்னு மொதல்லயே சொல்லக் கூடாதா?"

மோட்டார் ஓடும் நேரம் வரை காத்திருந்து, குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கலைமதியே பாட்டில்களைப் பிடித்தாள். அன்று மாலையே ஆய்வகத்தில் கொடுத்தாள். மற்ற ஊர்களில் பாட்டில் பிடித்த இடத்தையும் அந்த இரண்டு மாணவர்களிடம் ஒவ்வொன்றாக விசாரித்தாள். அங்கெல்லாம் அவர்களே குழாயில் பிடித்திருக்கிறார்கள். ஆலங்கொட்டாயில் மட்டும்தான் உபசாரம் நடந்திருக்கிறது. புதிய எண் வந்தது, இரண்டுக்கு மேல். ஒரே ஒரு எண்ணை மாற்றி, நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடாமல் ஓட்டினாள். நீலம் போய்ச் சிவப்பு வந்து உட்கார்ந்தது. ஒரு ஊர் தண்ணீர் கெட்டது என்று தெரிந்து நாங்கள் இருவரும் கையைத் தட்டிக்கொண்டதை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

வியாழக்கிழமை நான் கூட்டம் நடந்த கட்டடத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். அன்றைய லைனைக் காலையிலேயே முடித்துவிட்டு வந்திருந்தேன். உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பழைய படத்தை முன்பே பார்த்திருந்த ஓர் அதிகாரி, "இந்த ஊர் போன தடவை நீலமா இருந்ததே, எப்படி மாறிச்சு?" என்று கேட்டிருக்கிறார். மேடம் கலைமதியைக் கைகாட்டியிருக்கிறார். அவள் எழுந்து பெட்டிச் சேலைக் கதையை அப்படியே சொல்லியிருக்கிறாள். கூடம் சிரித்து அடங்கியதும் அந்த அதிகாரி, "எங்கம்மாவா இருந்தா சர்க்கரையும் போட்டுக் குடுத்திருப்பாங்க" என்றாராம். ஆலங்கொட்டாய் பட்டியலில் ஏறியது. வெளியே வரும்போது மேடம், "அடுத்த வருசத்துப் படத்துக்கும் தமிழ்லயே பேர் போட்டுடு" என்று மட்டும் சொன்னாராம். இவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

வண்டியருகே வந்ததும் என் போனை வாங்கி முதலில் நஞ்சம்மாள் பெரியம்மாவைத்தான் கூப்பிட்டாள்.

"எங்கூரு இப்ப என்னா கலரு கண்ணு?"

"நல்ல செவப்பு பெரியம்மா."

"அப்பாடா! மாரியாத்தா காப்பாத்துனா."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

"ண்ணா, தொண்ட காஞ்சு போச்சு. அந்த நீலத் தண்ணி ஒரு செம்பு ஊத்து."

மீதியிருந்த ஒரு கேனைச் சாய்த்து ஊற்றினேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு செம்பு கேட்டாள்.