ஒரே பீங்கானில் சாப்பிட விடாத கொழும்புக் கடை

ஐம்பதுகளில் ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கிழமையில், கொழும்பு புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நடந்தது இது. இத்தனை வருசம் போயும் நினைத்தால் காது சுடுகிறது. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நடுவில் சிரிக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்போது எனக்குக் கலியாணம் முடிந்து இரண்டு வருசம். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் மாப்பிள்ளை மருதமுனைக்காரர், இடுப்பில் கட்டுகிற சாரன் வியாபாரம். மாதம் ஒரு தடவை சாரன் கட்டோடு கொழும்புக்குப் போய் வருவதால், கொழும்பையே தான்தான் கட்டிவைத்தது போலப் பேசுவார். எந்தக் கடையில் புரியாணி ருசி, எந்த இடத்தில் நின்றால் கப்பல் தெரியும் என்று அவர் அடுக்க அடுக்க, எங்கள் உம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு உம்மா வாய் திறந்து கேட்ட முதல் ஆசை அதுதான்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கும் தங்கச்சிக்கும் மட்டும்தான் தெரியும். உம்மாவின் இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. வெளிச்சமும் நிழலும்தான் தெரியும், அதுவும் மங்கிக்கொண்டு வந்தது. முழுதாக மூடுவதற்குள் கொழும்புக்குப் போய்வர நினைத்தார். ஆனால் மருமகனுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். தங்கச்சிக்கு என் மாப்பிள்ளையின் தம்பியைத்தான் கேட்டிருந்தோம். எங்கள் பக்கம் குடி என்கிற வம்சம் தாய்வழியாக வருவது. தாய்க்குக் கண் குறை என்றால், அந்தக் குடிப் பெண்களுக்கே கண் நிற்காது என்று யாராவது ஒருத்தர் சொன்னால் போதும், பேச்சு முறிந்துவிடும்.

ஒரே வீட்டில் இருக்கிற மருமகனுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் மாமி மருமகன் முன்னால் வரமாட்டார், கதவுக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பார். வீட்டில் எந்தச் சட்டி எங்கே இருக்கிறது என்று உம்மாவின் கைக்கே தெரியும். சாப்பாடு உம்மா, தங்கச்சி, நான் மூவரும் ஒரே சஹனில். சஹன் என்றால் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய தட்டு. நான் எலும்பைக் கழித்து இறைச்சியை உம்மா பக்கம் தள்ளிவிடுவேன். யார் பார்த்தாலும் மூன்று பேர் ஒன்றாகச் சாப்பிடுவதாகத்தான் தெரியும்.

மட்டக்களப்பில் ரயில் கோச்சி ஏறிப் போனோம். முதலில் தெஹிவளை மிருகக்காட்சிசாலை. காசு கொடுத்து யானை பார்க்கப் போனவர்கள் நாங்கள்தான். எங்கள் வயலுக்கு அது சும்மாவே வந்து நெல்லைத் தின்றுவிட்டுப் போகும். தங்கச்சி கண்ணில் படுவதை உம்மாவின் காதில் மெல்லச் சொல்லுவாள், உம்மா அதையே சத்தமாக மருமகனுக்குக் கேட்கச் சொல்லுவார். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் பற்றி உம்மா சொன்ன பேச்சைக் கேட்டு முன்னால் நடந்த அவரே சிரித்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பகல் சாப்பாட்டுக்கு அவர் வழக்கமாகப் போகும் கடைக்குக் கூட்டிப் போனார். பெண்களுக்கென்று ஒரு மூலையைத் திரை போட்டு மறைத்திருந்தார்கள். நாங்கள் உள்ளே, அவர் திரைக்கு வெளியே. வெயிட்டர் வந்ததும், புரியாணியை ஒரே பெரிய தட்டில் போட்டுத் தரச் சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். சிரித்துக்கொண்டே போய் மூன்று சின்னப் பீங்கான் தட்டைக் கொண்டுவந்து ஆளுக்கொன்றாக வைத்தான்.

எலும்பு கழிக்க உம்மாவின் பீங்கானுக்குள் எத்தனை தடவைதான் கை போடுவது? வெயிட்டர் வேறு தண்ணீர், கறி என்று வந்து வந்து போனான். உம்மா மேசையில் சோற்றைச் சிந்திச் சிந்தித் தேடினார். புறங்கை பட்டுக் கறிக் கோப்பை கீழே விழுந்து உடைந்தது.

முதலாளி வந்தார். பெண்கள் இருக்கிற இடம், ஒரு கனைப்புக் கூட இல்லை. திரையை முழுதாக விலக்கிவிட்டார். கடையிலிருந்த ஆண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் முக்காட்டை இழுத்தோம். மேசையில் தின்று பழக்கமில்லாத ஆட்களெல்லாம் ஏன் கடைக்கு வருகிறீர்கள் என்று கேட்டார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

"ஒரு சஹன்ல திங்கிறது சுன்னத்து, நபி காட்டின வழி. அதத்தானே நாங்க கேட்ட? சுவத்துல மட்டும் பிஸ்மிய எழுதி மாட்டி வெச்சிருக்கீங்க."

"சுன்னத்த உங்கட ஊட்டுல செய்ங்க. இவ்வளவு வயசு போன மனுசி, ஒரு பீங்கான்ல ஒழுங்காத் திங்கத் தெரியாதா?"

"அவக்குக் கண் தெரியா!" என்று கத்திவிட்டேன்.

 விலகிய திரைக்கு அந்தப் பக்கம் என் மாப்பிள்ளை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அந்த முதலாளி செய்ததுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. கேட்டபோது இல்லாத பெரிய தட்டு இப்போது எங்கிருந்தோ வந்தது. கோழிக்காலாக அடுக்கி, தானே தூக்கிக்கொண்டு வந்து, "பாவம், தின்னுங்க உம்மா" என்றார். பாவமாம். மரியாதையாகக் கேட்டபோது தராததை, குருடி என்று தெரிந்ததும் தந்தார்.

உம்மா கையைக் கழுவினார். பசியில்லை என்றார். எழுந்து, நாங்கள் நீட்டிய கையையும் பிடிக்காமல், உட்காரும் கதிரைகளின் முதுகுகளைத் தடவித் தடவித் தானாகவே வாசல் வரைக்கும் நடந்தார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடலோரம் காலிமுகத்திடலில் போய் உட்கார்ந்தோம். என் மாப்பிள்ளை வடை வாங்கி வந்து கொடுத்தார். உம்மா சாப்பிட்டாரா என்று அவர் கேட்கவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பியக் கேட்டு வந்த நேரம் இத ஏன் மறைச்ச?" அவர் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை.

அவர் அந்தப் பக்கம் போனதும் உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். உம்மா கடல் பக்கமே முகத்தை வைத்திருந்தார்.

"சோறு நல்ல மணமா இருந்திச்சு மகள். நீங்க ரெண்டு பேராவது திண்டிருக்கலாம்."

 திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

தங்கச்சியின் கலியாணப் பேச்சு அந்த மாதத்தோடு நின்றுபோனது. காரணம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த வருசம் அட்டாளைச்சேனையில் ஒரு நல்ல மனிசன் அவளுக்குக் கிடைத்தான், அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பேச்சு முறிந்ததே நல்லது என்று அவள் இன்று சிரிக்கிறாள். நான் சிரிப்பதில்லை.

அந்த முதலாளி மேல் எனக்குள்ள கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அதை விடுகிற எண்ணமும் இல்லை. ஆனாலும் ஒருத்தருக்காகச் சண்டைக்கு எழும்பும்போதெல்லாம், அவர் மூடிவைத்திருந்ததைத் திறந்துகாட்டித்தான் நான் நியாயம் கேட்கப் போகிறேனா என்று, ஒரு மூச்சு நின்று பார்த்துவிட்டுத்தான் இப்போது வாயைத் திறக்கிறேன்.