மழைத்தண்ணீர் குடித்த செடி

முத்தையன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது காரைக்கால் பக்கத்து நெரவியில், எங்கள் சித்தி வீட்டில். சித்தி மகள் மாரியம்மாளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையை மட்டும் காணோம். "முத்தையா, எங்கடா போனே?" என்று அவருடைய தாய்மாமன் சத்தம் போடுகிறார். மாப்பிள்ளை கொல்லைக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி கரிக்கலீங்க. இந்த வீட்டுச் செடிங்க குடுத்து வச்சதுங்க" என்றார். பெண்ணை அப்புறம்தான் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாகிறது. "என்னைப் பாக்க வந்தவரு இல்லக்கா, தண்ணி பாக்க வந்தவரு" என்று மாரியம்மாள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

காரைக்காலில் பிரெஞ்சுத் துரைமார் வீட்டுத் தோட்டங்களில்தான் அவருக்கு வேலை. ஒல்லியான ஆள். நகக்கண்ணில் எப்போதும் மண் இருக்கும். சாப்பிட உட்கார்ந்தாலும் இடுப்பில் கத்தரிக்கோல் செருகியிருக்கும். பூத்த செடிக்கு முன்னால் தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கடைசியாக அவர் வேலை பார்த்த வீட்டு வெள்ளைக்கார மதாமுக்கு மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. காய்ச்சலில் போய்விட்டது, இங்கேதான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவர்கள் நாட்டில் கல்லறைத் திருநாளுக்கு ஒரு குத்துச்செடியைத் தொட்டியோடு கொண்டுபோய் வைப்பார்களாம். ஊசி ஊசியாக இலை. கொலுசு மணி அளவுக்கு, வெளிறிய ரோஜா நிறத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூ. கப்பலில் வரவழைத்த ஆறு தொட்டியில் ஐந்து நம் வெயிலுக்குக் கருகிப்போயின. ஒன்றை முத்தையன் பிழைக்கவைத்தார்.

ஐம்பத்துநாலு ஐப்பசியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. அந்தம்மா ஊருக்குப் புறப்படும்போது தொட்டியை இவர் கையில் கொடுத்து, "எங்க ஊர்ப் பூ வச்சாத்தான் என் பிள்ளைக்கு அடையாளம் தெரியும், முத்தையன்" என்று அழுதாளாம். "வருசா வருசம் நான் வக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குக் கூலியும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது.

தலத்தெருவில் அவர் வீடு. நான் வாழ்க்கைப்பட்ட வீடு அதற்கு மூன்று வீடு தள்ளி. அங்கே கிணறு கரிப்பு. சுண்ணாம்பும் உப்பும் அந்தச் செடிக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையை கூரை இறவாணத்தடியில் எட்டு மண்சாலில் பிடித்து, துணி கட்டி மூடி, சித்திரை வெயில் தாண்டும்வரை செம்பு செம்பாக ஊற்றுவார். மக்கிய சவுக்குச் சருகும் மணலும் கலந்த மண்தான் போடுவார். வேர் சூடாகாமலிருக்கத் தொட்டியைப் பெரிய சட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் ஈரமணல் கொட்டிவைப்பார். பூ முடிந்ததும் இளங்கொம்பின் நுனியை மட்டும் நறுக்குவார்; முற்றிய கட்டையில் கத்தரி பட்டால் மறுபடி துளிர்க்காதாம்.

"ஊரு சனம் கரிச்ச தண்ணி குடிக்குது, இந்தச் சீமைக்காரிக்கு மட்டும் மழைத்தண்ணி!" என்பாள் மாரியம்மாள். "உங்கப்பாவுக்குத் திதி குடுக்க மறந்தாலும் மறப்பீங்க, இதுக்குத் தண்ணி ஊத்த மறக்கமாட்டீங்க." அந்தச் செடியை அவள் விரலால்கூடத் தொட்டதில்லை.

ஐம்பத்தாறில் மழை கொட்டியதால், குடை பிடிக்க அவளும் அவரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். மற்றக் கல்லறைகளெல்லாம் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தன. அந்தச் சின்னக் கல்லறை மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது. திரும்பி வந்தவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறு வருடம் திருநாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் என்னிடம் வந்தாள். "அக்கா, கொஞ்சம் கிளிஞ்சல் சுண்ணாம்பு குழைச்சுக் குடு. வெறும் தொட்டியவா அந்தப் புள்ள தலமாட்டுல வக்கிறது?" குழைத்துக் கொடுத்தது நான்தான். தொட்டியின் விளிம்பிலும் வெளியிலும் வெள்ளையடித்து, காவியில் பட்டை போட்டாள். தென்னைக்குப் பூச்சி அண்டாமல் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். மீந்ததைக் கரைத்துச் செடியின் தூரிலேயே ஊற்றிவிட்டாள்.

முத்தையன் வந்து பார்த்தார். மண்ணெல்லாம் வெளுத்திருந்தது. முழங்கை வரை சுண்ணாம்போடு இவள் நிற்கிறாள்.

"நான்தான் செஞ்சேன். நல்லாருக்கா?"

"நல்லாருக்கு புள்ள" என்றார்.

அவள் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் நாலு சால் மழைத்தண்ணீரைக் கொட்டித் தொட்டி மண்ணைக் கழுவினார். பத்தே நாளில் ஊசியிலையெல்லாம் பழுத்துவிட்டது. வாசலில் என்னைக் கண்டு நின்றார். "அக்கா, சுண்ணாம்பாலதான்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. இத்தன வருசத்துல இப்பத்தான் அதத் தொட்டுருக்கா."

செடி காய்ந்தும் பூ உதிரவில்லை. அதையேதான் அந்த வருடமும், போன வருடமும் கல்லறையில் வைத்துவிட்டு எடுத்து வந்தார். வைத்துவிட்டு வெகுநேரம் குழந்தையின் பெயரைப் பார்த்தபடி நிற்கிறாராம்.

"எப்பங்க துளிர்க்கும்?" என்று கேட்கிறாள் மாரியம்மாள்.

"சீமைச் செடி. தூங்குது."

"எத்தன வருசம் தூங்கும்?"

"உனக்கென்ன அவசரம்?"

அவளுக்கு எழுத்து தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அவள் கேட்ட அன்றைக்கே சுண்ணாம்பு இல்லையென்று நான் சொல்லியிருக்கலாம்.

முத்தையன் இப்போது தலத்தெருவில், அதே வீட்டில்தான் இருக்கிறார். இன்று காலை நான் போனபோது, மாரியம்மாள் பார்க்கும்படி, அந்தக் காய்ந்த செடிக்கு ஒரு செம்பு மழைத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.