சித்தியிடம் இருந்த இருநூறு சாவிகள்

"பூட்டும் உடையல, சாவியும் தொலையல. அப்புறம் எப்படிடீ அவன் உள்ள வந்தான்?"

சித்தி இப்படிக் கேட்டபோது எனக்கு அவன் மேல் கோபம்தான் வந்தது. அது இன்னும் தீரவில்லை.

சித்தி சாவி செய்பவள். பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் அவள் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். சாவி வெட்டும் இயந்திரம் ஒன்று, இரண்டு அரம், சுவர் நிறைய வெட்டாத சாவிகள். அவள் நக இடுக்கில் எப்போதும் பித்தளைத் தூள் மின்னும். "நகைக்கடைக்காரி மாதிரி இருக்கேன் பாரு" என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வாள்.

வேலைக்குப் போகிறவர்களுக்குக் கடை வரை வர நேரமில்லை. அதற்குச் சித்தி ஒரு வழி வைத்திருந்தாள். சாவியை ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து, வீட்டு முகவரியோடு மெயிலில் அனுப்பினால் போதும். அளவு பார்த்து வெட்டி, மாலையில் அவளே கொண்டுபோய்க் கொடுத்து, பூட்டில் போட்டுத் திருப்பிக் காட்டிவிட்டு வருவாள். அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அழிக்கமாட்டாள். மறுபடியும் தொலைத்துவிட்டுப் பதறுகிறவர்களிடம், "கவலைப்படாதீங்க, உங்க சாவி என்கிட்ட பத்திரமா இருக்கு" என்று சொல்வதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. ஆறு வருடத்தில் இருநூறு வீடுகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

சித்தி ஏமாளி இல்லை. பிறகு எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள் என்பதால் இதை முன்பே சொல்லிவிடுகிறேன். தினமும் முப்பது நாற்பது குப்பை மெயில்கள் வந்து விழும். கோடிக்கணக்கில் பரிசு, வழுக்கையில் முடி வளர்க்கும் தைலம், உட்கார்ந்த இடத்தில் வேலை. கடைக்கு வருகிறவர்களுக்குப் படித்துக் காட்டிச் சிரிப்பாள். "சீட்டே வாங்காதவளுக்குப் பரிசாம்! எங்க வீட்டுக்காரருக்கு அந்தத் தைலத்தயாவது வாங்கலாம்னு பாக்கறேன்."

ஒரு செவ்வாய்க்கிழமை வந்த மெயிலைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. 'உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது. இன்று மாலைக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய படங்கள் அனைத்தும் அழிக்கப்படும்.' பெட்டி உண்மையிலேயே நிரம்பித்தான் இருந்தது. அனுப்பியவனுக்கு அது தெரிந்திருக்காது. லட்சம் பேருக்கு ஒரே வலையை வீசியிருப்பான். ஆனால் சித்தியின் கண்ணில் 'பழைய படங்கள்' என்ற இரண்டு சொற்கள்தான் பட்டன. கடை முன்னால் இரண்டு பேர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் அரத்தை வைத்துக்கொண்டே மறு கையால் அதிலிருந்த இணைப்பை அழுத்திப் பாஸ்வேர்டைத் தட்டினாள்.

அரை மணி நேரத்தில் அவள் மெயிலுக்குள் அவளாலேயே நுழைய முடியவில்லை. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டு, பூட்டு உடையாமல் அவன் எப்படி உள்ளே வந்தான் என்று கேட்டாள்.

கணக்கை மீட்கும் பக்கத்தை நான் திறந்தேன். அவன் அதற்குள் ஃபோன் எண்ணை மாற்றிவிட்டிருந்தான். மீட்பதற்கான ரகசிய எண்ணை அந்தப் பக்கம் சமர்த்தாக அவனுக்கே அனுப்பியது. நான் கத்திய கத்தலில் பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் எழுந்து வந்தார்.

புகார் கொடுக்கப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"பணம் எவ்வளவு போச்சு?"

"பணம் போகலங்க. சாவிப் படங்க போயிருக்கு, கூடவே முகவரியும்."

"பணமே போகலயா? அப்ப எதுக்கும்மா வந்தீங்க? இந்த வயசுல மெயிலெல்லாம் தேவையா?"

"எனக்கு நாப்பத்திரெண்டுங்க" என்றாள் சித்தி. உங்களுக்கு எவ்வளவு என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது.

வீட்டில் சித்தப்பா வேறு மாதிரி ஆரம்பித்தார். "யார்கிட்டயும் வாயத் திறக்காத. அவன் பணம் பறிக்கறவன், சாவியத் திரும்பிக்கூட பாத்திருக்க மாட்டான். நீயா போய்ச் சொன்னா நாளைக்கே கடைய மூட வேண்டியதுதான்."

"அவன் பாக்கலன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?" என்றாள் சித்தி.

சித்தப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் காலை சித்தி கடையைத் திறக்கவில்லை. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பூட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் சின்ன ஊசிகளை மாற்றிவிட்டால் பழைய சாவி செல்லாது. இருநூறு வீட்டிலும் இலவசமாக மாற்றித் தருவது என்பது அவள் முடிவு. முகவரிகளோ திருடனிடம். அவள் தெருத்தெருவாக நடந்து, "இந்த நீலக் கேட்டு, மூணாவது மாடி, கதவு தரையில இழுக்கும்" என்று நினைவிலிருந்தே சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

முதல் வீட்டில் ஒரு வங்கிக்காரர். "உங்க பேர்லதான் நேத்து அவசரமா பணம் வேணும்னு மெயில் வந்துச்சு. இன்னிக்கு நேர்லயே கெளம்பிட்டீங்களா?" கதவு அறைந்து மூடியது. அதன் பூட்டு சித்திதான் இரண்டு முறை சரிசெய்து கொடுத்தது.

இன்னொரு வீட்டில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "நான் தனியா இருக்கறவ. என் வீட்டுச் சாவிய எவன்கிட்டடி தூக்கிக் குடுத்த?"

சித்தி பையைக் கீழே வைத்தாள். "திட்டுங்கம்மா. திட்டிக்கிட்டே கதவ மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்குங்க, பத்து நிமிஷத்துல மாத்திடறேன்."

அவள் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தாள், அந்தப் பெண் திட்டிக்கொண்டிருந்தாள், எனக்குக் காது மடல் எரிந்தது. இந்த வசவில் ஒரு சொல்கூட அவன் காதுக்குப் போகப்போவதில்லை. எங்கேயோ ஃபேனுக்கு அடியில் சௌகரியமாக உட்கார்ந்து, அடுத்த லட்சம் பேருக்கு அதே இரண்டு வரியை அனுப்பிக்கொண்டிருப்பான். அவனுக்கு அது இரண்டு வரி. சித்திக்கு அது இருநூறு வாசல்.

பத்தொன்பது நாளில் நூற்று அறுபத்து மூன்று பூட்டுகளை மாற்றிவிட்டாள். மிச்சத்தில் சிலர் கதவையே திறக்கவில்லை. சில வீடுகள் எவ்வளவு யோசித்தும் அவள் நினைவுக்கு வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து, "அந்தத் தண்ணித் தொட்டி பக்கத்துல ஒரு வீடு இருந்துச்சேடீ" என்கிறாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கடைக்குச் சாவிப் படம் அனுப்பிய யாரோ ஒருவர் இன்னும் பழைய பூட்டைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அவரை எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இதில் அழுத்துவதற்கு எதுவும் இல்லை, பாஸ்வேர்டும் கேட்கவில்லை. படித்துவிட்டு உங்களுக்குத் தெரிந்த எல்லோருக்கும் இந்தக் கதையைக் கொடுங்கள். பூட்டை மாற்றச் சொல்லுங்கள். கூப்பிட்டால் சித்தி வருவாள். திட்டுவதாக இருந்தாலும் கூப்பிடுங்கள்.