வரப்புக்கு விட்ட இடம்

தெற்கு அந்தமானில் கராச்சர்மாவைத் தாண்டியதும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. சாலையோரம் எங்கும் கடல்நீர் புகுந்த சேறு. சுனாமிக்கு முன்பு ஒருமுறை இதே வழியில் போயிருக்கிறேன். அன்று இங்கே நெல் அறுப்பு. ஜன்னல் வழியே ஈர வைக்கோல் வாசம் வந்தது. இன்று மூன்று பெண்கள் முழங்கால் சேற்றில் குனிந்து அலையாத்திக் கன்று நடுகிறார்கள். நெல் நாற்று நடும் அதே குனிவு.

கன்று வரிசைகளுக்கு நடுவே, நீளமாக ஒரு பட்டை மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. அவர்களில் ஒருத்தி தண்ணீர் குடிக்கக் கரையேறுகிறாள். பெயர் செல்வி, ஐம்பது வயதிருக்கும்.

"அங்க ஏங்க நடாம விட்டிருக்கீங்க?"

"அது எங்க வரப்பு சார். இதெல்லாம் எங்கப்பா வயல்தான். அவருக்குச் சோறு கொண்டு போனது அது மேலதான். சுனாமியில தரை எறங்கி, கடல் ஏறி உட்கார்ந்துடுச்சு. இப்ப நானே இதுல கூலிக்கு நடுறேன்."

"யாரு நடச் சொல்றாங்க?"

"வெளிநாட்டுல ஏதோ கம்பெனி புகை விடுதாம். அந்தப் புகைக்கு பத்லா இந்தச் செடியாம். ட்ரோன் போட்டோல சந்து தெரியுது, அதையும் அடைச்சிடுன்னு சூப்பர்வைசர் சாப் ரெண்டு தடவை சொல்லிட்டாரு. வரப்புல எவனாச்சும் நடுவானா? ஆளு நடக்க வேணாமா?"

தண்ணீர் குடித்துவிட்டு அவள் மறுபடி சேற்றில் இறங்குகிறாள்.

நீர் ஏறத் தொடங்குகிறது. மற்ற இருவரும் சேற்றில் தடுமாறிச் சாலைக்கு வருகிறார்கள். செல்வி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்த வெற்றுப் பட்டை வழியே எதிர்க்கரையிலுள்ள தன் வீட்டுக்கு நடக்கிறாள். இருபுறமும் கன்றுகள் நுனிவரை மூழ்குகின்றன. அவளுக்குக் கணுக்கால்தான் நனைகிறது.