அத்தான் உபயம் செய்த அன்ரனாக் கம்பம்

என் அத்தான் அருளம்பலத்துக்கு இலவசம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், சாப்பிட்ட கையோடு எழும்பிவிடுவார். அதே மனிதர்தான் வீட்டில் இருப்பதையெல்லாம் உபயம் என்று கோயிலுக்குத் தூக்கிக் கொடுப்பவரும். வாங்குவதிலும் அவசரம், கொடுப்பதிலும் அவசரம். நடுவில் கிடந்து மாரடிப்பது அவருக்கு வாழ்க்கைப்பட்ட என் அக்கா நல்லம்மாவும், அவளுக்குத் தம்பியாகப் பிறந்த பாவத்துக்கு நானும்.

அவர் வெருகல்காரர். அக்காவைக் கட்டிய கையோடு திருகோணமலைக்கு வந்து துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வருகிற கப்பலைக் கரையோடு கயிற்றால் கட்டுவதும், போகிற கப்பலை அவிழ்த்துவிடுவதும் தொழில். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. எவ்வளவு பெரிய கப்பலானாலும் அத்தான் கட்டினால் கட்டினதுதான். வீட்டில் அவர் பிடிக்கும் பிடிவாதத்தை அவிழ்க்கத்தான் இன்னும் ஓர் ஆள் பிறக்கவில்லை.

எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் பெயர். அண்டாவில் ‘உபயம்: அருளம்பலம் குடும்பம்’. கதிரைகளின் முதுகில் அதே. அந்தக் குடும்பத்தில் ஒருத்தியான அக்காவுக்கு எந்த உபயமும் முன்கூட்டித் தெரியாது. குசினியில் ஒரு பெரிய சட்டியைக் காணவில்லை என்றால் நேரே கோயிலுக்குப் போய்த்தான் தேடுவாள்.

போன வருசம் வீட்டுக்கு டிஷ் வந்தது. டிஷ் கடைக்கார நஸ்ரி கூரையில் ஏறிப் பூட்டினார். ஒருமுறை பூட்டினால் சரி, மாதக் காசு இல்லை, இந்தியாவிலிருந்து இலவசமாக விடுகிற சனல் எல்லாம் வந்து விழும். அத்தானுக்கு வேறென்ன வேண்டும்? நஸ்ரி இறங்கிப் போகும்போது ஒன்று சொன்னார், நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“அண்ணே, பழைய அன்ரனாவக் கழட்டிப் போடாதீங்க. எங்கட நாட்டுச் சனல் இதுல வராது.”

“நூறு சனல் வாற இடத்தில ஒண்டு ரெண்டு குறைஞ்சால் என்ன?” என்றார் அத்தான்.

அடுத்த நாளே அன்ரனா நின்ற இரும்புக் கம்பம் கோயில் வளவுக்குப் போய்விட்டது. ஒலிபெருக்கி கட்டக் கம்பம் வேண்டும் என்று கோயில் தலைவர் முத்துலிங்கம் ஒரு வார்த்தை சொன்னாராம். அடியைச் சீமெந்தில் புதைத்து, பெயின்றில் பெயரும் எழுதியாயிற்று. மிஞ்சிய அன்ரனா கோழிக்கூட்டுக்குள் போய், அதில் கோழிகள் வரிசையாக ஏறிப் படுத்தன. அத்தோடு விட்டாரா? தெரு முழுக்கப் பிரசங்கம் செய்து எல்லா வீட்டிலும் அன்ரனாவை இறக்கவைத்த பிறகுதான் ஓய்ந்தார்.

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன். அவளுடைய மகள் லக்சனா கபடி விளையாடுகிறவள். நாட்டு அணிக்கு எடுபட்டுக் கொழும்பில் விடுதியில் நிற்கிறாள். அக்காவுக்கு முழங்கால் வீக்கம். பஸ்ஸில் அவ்வளவு தூரம் இருந்து போக முடியாது. மகள் விளையாடி அவள் ஒருநாளும் கண்டதில்லை. கண்டதெல்லாம், லீவில் வரும் பிள்ளையின் தோளிலும் தொடையிலும் உள்ள கண்டல்களைத்தான். எண்ணெய் பூசிவிட்டுக்கொண்டே அழுவாள்.

“என்ர பிள்ளையை ஆர் இப்பிடிப் போட்டு அடிக்கினம் எண்டு ஒருக்கா நான் என்ர கண்ணால பாக்கோணும், தம்பி.”

அந்த ஒருக்கா வந்தது. அயல்நாட்டு அணிகள் கொழும்புக்கு வந்து விளையாடின. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நேபாளத்தோடு எங்கள் பெண்களுக்கு இறுதிப் போட்டி, தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. நான் வெள்ளிக்கிழமையே கேட்டேன்: “அத்தான், உங்கட டிஷ்ஷில அது வருமோ?”

“கபடியை இந்தியாக்காரன் காட்டாமல் விடுவானோ? விசர்க் கதை கதையாதை.”

ஞாயிறு காலை ரிமோட்டோடு கதிரையில் இருந்தார். சமையல் வந்தது, பக்திப் பாட்டு வந்தது, விளங்காத மொழியில் செய்தி வந்தது. கபடி காட்டுகிற சனலுக்குப் போனால் பூட்டு. காசு கட்டு என்றது. அக்கா குளித்து நல்ல சேலை உடுத்துக்கொண்டு வந்து நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நஸ்ரிக்குப் போன் எடுத்தேன். அவர் கிண்ணியாவில் ஒரு கலியாண வீட்டில் நின்றார்.

“நான் அண்டைக்கே சொன்னன் தானே! டிஷ்ஷுல வாற இலவசம் வேற, அன்ரனாவுல வாற இலவசம் வேற. எங்கட நிலையம் மலையில கோபுரம் வச்சு எங்கட நாட்டுக்கு மட்டும் விடுது. வானத்துல ஏத்துறதெண்டா செற்றலைற்றுக்கு வாடகை கட்டணும். இலவசமாக் காட்டுறவன் அதை ஆரிட்ட வாங்கிக் கட்டுவான்? அப்பிடிக் கட்டினாலும் இந்தப் போட்டிய விட ஏலாது. இங்க காட்டுற உரிமை மட்டும்தான் எங்கட நிலையத்தின்ட கையில. இந்தியாவுல காட்டுற உரிமைய அந்தப் பூட்டுப் போட்ட சனல் வாங்கியிருக்கு. மேல இருந்து விட்டா மழை மாதிரி எல்லா நாட்டிலயும் விழும், வழக்குப் போட்டுடுவாங்க.”

போனில் பார்க்கலாமே என்றால் அதிலும் உரிமைக்காரனுக்குக் காசு. கட்டினாலும் அக்காவின் கண்ணில் வெண்படலம், உள்ளங்கையளவு படத்தில் அவளுக்கு ஆளும் தெரியாது, மகளும் தெரியாது.

கோழிக்கூட்டிலிருந்து அன்ரனாவை இழுத்துக் கழுவினேன். மாங்காய் பறிக்கிற கொக்கத்தடியில் கட்டி உயர்த்தினோம். எங்கள் தெரு பள்ளத்தில், அந்த உயரம் போதவில்லை. திரையில் உப்புக் கொட்டியதுபோல் புள்ளிகள் மட்டும் பறந்தன. வேறு கம்பம் வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, இரும்புக் கடைகள் பூட்டு. தெருவில் ஒரு வீட்டிலும் அன்ரனா இல்லை, அதுவும் யாருடைய புண்ணியம் என்று சொல்லத் தேவையில்லை.

“அத்தான், முத்துலிங்கத்தாரிட்டப் போய்க் கம்பத்தைக் கேளுங்கோ. ஒரு பின்னேரத்துக்குத்தானே.”

“பிள்ளையாருக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? குடும்பத்துக்கு ஆகாது.”

“குடும்பம் இஞ்ச அழுதுகொண்டு நிக்குது!”

“குடுத்தது குடுத்ததுதான்.”

எனக்கு அவரைத் தூக்கித் துறைமுகத்தில் போட்டால் என்ன என்று வந்தது. நாங்கள் இருவரும் கத்திக்கொண்டிருக்க, அக்கா மெல்லத் தொலைக்காட்சியின் பிளக்கைக் கழற்றினாள்.

“கம்பம் இஞ்ச வர ஏலாதெண்டால் ரீவியை அங்க தூக்குங்கோ.”

அருளம்பலம் அத்தான் ரிமோட்டை மடியில் செருகிக்கொண்டு தொலைக்காட்சியைத் தூக்கினார். முத்துலிங்கம் ஒன்றும் மறுக்கவில்லை. “மடத்துக்குள்ள வையுங்கோ, பிளக் இருக்கு. பிள்ளையாரும் பாக்கட்டும்” என்றார். அதற்குள் தெருவே வந்துவிட்டது. ‘உபயம்: அருளம்பலம் குடும்பம்’ என்று எழுதிய கதிரையில் அக்கா முன்னால் இருந்தாள்.

ஏணி வைத்து ஏறியது நான். அன்ரனாவை ஒலிபெருக்கிக்கு மேலே அத்தான் சொல்லச் சொல்லக் கட்டினேன். கப்பல் முடிச்சு என்றார். மேற்கிலிருந்து கச்சான் காற்று ஓர் அடி அடித்தது, முடிச்சு அப்படியே இருந்தது, அன்ரனா மட்டும் சுற்றிக்கொண்டு கடலைப் பார்த்தது. கீழிருந்து ஒரே கூச்சல்.

“திருப்பு! மலைப் பக்கம் திருப்பு! ஆ, அப்பிடியே பிடி! கையை எடுக்காதை!”

கையை எடுத்தால் படம் போகிறது. ஆகவே முழுப் போட்டிக்கும் நான் ஏணியில், இரண்டு கையாலும் அன்ரனாவைப் பிடித்தபடி, மடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். என் மருமகளின் இறுதிப் போட்டி, என் கண்ணுக்கு முன்னால் ஒரு தென்னை மரம். இலவசத்துக்கு நான் கட்டிய விலை அது.

கீழே சனம் ஆரவாரித்தது. பிறகு கப்சிப். பிறகு அக்காவின் குரல் தனியாகக் கேட்டது.

“ஐயோ, அடிக்கிறது இவளெல்லோ!”

மடம் முழுக்கச் சிரித்தது. கபடி பாடிக்கொண்டு வந்த நேபாளப் பிள்ளையின் கணுக்காலைப் பாய்ந்து பிடித்து, அப்படியே தரையில் விழுத்தினாளாம் லக்சனா. ஒருக்கா இல்லை, திரும்பத் திரும்ப. அத்தான் எழும்பி நின்று கை தட்டினாராம். அக்கா சிரித்தாள், உடனே அழுதாள். சிரிப்பும் அழுகையும் மாறி மாறி மேலே எனக்குக் கேட்டன. என் கை இரண்டும் விறைத்துவிட்டன, ஆனாலும் விடவில்லை. அந்த நேரம் எனக்கும் கண் கலங்கியது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

வென்றார்கள். பொழுதுபடும் நேரம் லக்சனா போன் எடுத்தாள். அத்தான்தான் முதலில் பறித்தார்.

“கெட்டிக்காரி! ஓம், எல்லாரும் பாத்தனாங்கள். கேள் பிள்ளை, டிஷ்ஷில வாற இலவசம் வேற, கோபுரத்தில வாற இலவசம் வேற. உன்ர மாமாவுக்கு இதுகள் விளங்காது. நல்ல காலம் நான் கம்பத்தைக் கோயில்ல நட்டு வச்சனான்.”

நான் உள்ளங்கைக்கு எண்ணெய் பூசினேன். அக்கா அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். வென்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“பிள்ளை, கடைசியா நீ விழுத்தின அந்தப் பிள்ளை நொண்டிக்கொண்டு போனவள் எல்லோ. அவளுக்குக் கால் எப்பிடி? போய் ஒருக்காக் கேட்டுப்போட்டு வா. அவளின்ர அம்மாவும் எங்கயோ இருந்து பாத்திருப்பா.”