ஆடு பார்த்துச் சொன்ன வேலி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் மகன் வீட்டுக்கு வேலிச்செடி வாங்கப் போன இடத்தில் ஆடாதொடை இலையைக் கசக்கி முகர்ந்தேன். அந்தக் கசப்பு வாசம் என்னை நான் சிறுவயதில் வளர்ந்த காணை ஊருக்கே கொண்டுபோய்விட்டது.

அங்கே எங்கள் கீரைப்பாத்தியைப் பக்கத்து வீட்டு ஆடு மேய்ந்துவிட்டது. அப்பா கிளுவை, செம்பருத்தி, ஆடாதொடை மூன்றிலும் ஒவ்வொரு கிளையை நட்டு, அந்த ஆட்டையே பிடித்துவந்து அவற்றின் முன்னால் அவிழ்த்துவிட்டார். அது தொடாததுதான் வேலி. பூவுக்காகச் செம்பருத்தி தப்ப வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டேன். ஆடு நேராக அதைத்தான் கடித்தது.

"உன் பூவைத்தான் மொதல்ல துன்னுக்கினு கீது பாரு," என்று அம்மா சிரித்தாள்.

ஆடாதொடையை அது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"யப்பா, ஆடாதொடைய வெளிய வெச்சி செம்பருத்திய உள்ள வெச்சா, ஆடு எப்படி வரும்?" என்று கேட்டேன்.

அப்பா கடப்பாரையை எடுத்து இரண்டு வரிசைக்குக் குழி போட்டார்.

கிளுவையை ஆடு தின்றதா என்பதுதான் நினைவில்லை. ஆடு வளர்ப்பவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.