அடி அண்ணாமலையில் மான் உரசிய மரங்கள்

பெங்களூரில் இரவுப் பேருந்து ஏறி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாகச் சுமார் இருநூறு கிலோமீட்டர் வந்து திருவண்ணாமலையில் இறங்கியபோது விடிந்துகொண்டிருந்தது. மாசி மாதம். பௌர்ணமி கழிந்து பத்து நாள் ஆகியிருந்ததால் பேருந்து நிலையத்தில் கூட்டம் இல்லை. டீ பன்னிரண்டு ரூபாய். அடி அண்ணாமலைக்கு எட்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய் கேட்டார்கள்.

"தரிசனம் முடிச்சிட்டீங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லைங்க. மான் பாக்க வந்தேன்."

"அதுக்கா பஸ் ஏறி வந்தீங்க? நாய் தொரத்தினா மானு ரோட்டுக்கே வரும். காசில்லாம பாக்கலாம்."

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மலைக்காடுகளில் தீத்தடுப்புக் கோடு வெட்டும் கூலி வேலையில் சில வருடம் ஓடியது. மான் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கப் பழகியது அங்கேதான். பிறகு கட்டட வேலை. பெங்களூர் கட்டடத்தில் என்னோடு கம்பி கட்டிய ஏழுமலைக்கு அடி அண்ணாமலையில் முக்கால் ஏக்கர் வேர்க்கடலை. மனைவி சரசு தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு வாரமாக மான் இறங்கி மேய்கிறது என்று போன் வந்தது. ஏழுமலையின் தம்பி சேகர், வெள்ளிக்கிழமை வேலியைச் சுற்றிக் கம்பி இழுத்து மோட்டார் கரண்டைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். மான் செத்தால் வழக்கு. மனிதன் மிதித்தாலும் சாவுதான். ஏழுமலைக்கு லீவு கிடைக்கவில்லை. நான் அன்றாடக் கூலி, யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை என்பதால் புறப்பட்டேன்.

செவ்வாய், காலை எட்டு மணி. சரசுவுக்கு முப்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இது:

"வாங்கண்ணா. துப்பாக்கி கிப்பாக்கி இல்லியே?"

"இல்லம்மா. கண்ணு மட்டும்தான்."

"அது போதும். இங்க எங்க எல்லாருக்கும் வாய்தான் ஜாஸ்தி."

எனக்கு மோட்டார் கொட்டகையில் இடம். பக்கத்தில் ஒரு சாக்கு, ஒரு பானைத் தண்ணீர். கணவன் ஊரில் இல்லாத வீட்டுக்கு வந்த வெளியாள் என்பதால், அவள் சோற்றுத் தட்டை வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். அதில் தவறில்லை. அன்று மாலை முழுக்க நான் பேசியது ஒரு ஓணானிடம்.

புதன், காலை ஐந்தரை. சரசுவும் நானும் வேலியோரம் நடந்தோம். கிழக்கே மலை, மேற்கே ஏரி. நடுவில் கிரிவலப் பாதையும் இந்த வயலும். கிழக்கு மூலையில் வேலி முள் சரிந்து ஒரு சந்து இருந்தது. சந்தையொட்டி மணிக்கட்டுப் பருமனில் ஓர் இளவேம்பு. முழங்காலிலிருந்து இடுப்பு உயரம் வரை அதன் பட்டை உரிந்து நார் நாராகத் தொங்கியது. உள்கட்டை வெளுத்து, தொட்டால் பிசுபிசுத்தது.

"ஆடு தின்னதா?" என்றாள் சரசு.

"ஆடு பல்லால கடிக்கும். இது கொம்பு."

ஆண் மானின் புதுக்கொம்பு மேல் வெல்வெட்டு போல ஒரு தோல் இருக்கும். கொம்பு முற்றியதும் அந்தத் தோல் காய்ந்து அரிக்கும். மான் இளமரமாகப் பார்த்து உரசி அதைக் கழற்றும். பிறகும் உரசுவதை விடாது, மற்ற ஆண்களுக்கு வாசனை விட்டுப் போகும். இணை தேடும் பருவத்தின் தொடக்கத்தில்தான் இப்படிப் புதுத் தழும்புகள் தெரியும். வேம்பின் அடியில் காலால் பறித்த மண், அகலமான குளம்புத் தடம், விரல்நகம் அளவு காய்ந்த தோல். கூடவே பெட்டைத் தடமோ குட்டித் தடமோ இல்லை. ஒற்றை ஆண்.

இன்னொன்றும் உண்டு. மான் வரும் திசையைப் பார்த்த பக்கம்தான் பெரும்பாலும் உரிந்திருக்கும். வேம்பு மலைப் பக்கம் உரிந்திருந்தது. அந்தத் திசையில் எழுபது தப்படி நடந்தால் ஒரு நுணா மரம், அதிலும் ஈரம் காயாத தழும்பு. அதையும் தாண்டினால் கிரிவலப் பாதை. பாதையோரம் நின்ற மூன்றாவது மரத்தைப் பார்த்து நான் நின்றுவிட்டேன்.

அது ஒரு இளவாகை. தழும்பு இருந்தது, ஆனால் பழையது. அதன்மேல் மஞ்சள், குங்குமம், மூன்று விபூதிப் பட்டை. அடியில் எரிந்த கற்பூரக் கரி, தேங்காய் மூடி, வாடிய சாமந்தி. பக்கத்தில் கனகா என்ற அம்மாள் கூடையில் கற்பூரம் விற்றுக்கொண்டிருந்தார்.

"கும்புட்டுக்கோங்க. சூலம் தானா வந்துகீது."

பார்த்தேன். நடுவில் நீளமாக ஒரு கீறல், இரு பக்கமும் வளைந்து இரண்டு. கொம்புக் கிளை பட்ட இடம். சூலம் என்றால் சூலம்தான்.

"அக்கா, இது மான் உரசினது," என்றாள் சரசு.

"உரசட்டுமே. மானு சூலம் போடுதுன்னா சும்மாவா? போன பௌர்ணமிக்கு எத்தினி பேர் வந்தாங்க தெரியுமா? உன் கொழுந்தன் சேகரு கூடத் தேங்கா ஒடைச்சிட்டுப் போனான்."

"அவனா?"

"ஒண்ணு இல்ல. மூணு."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த மான் மலையிலிருந்து ஏரித் தண்ணீருக்கு இந்த வாகை வழியாக நேராகப் போய்க்கொண்டிருந்தது. பௌர்ணமியிலிருந்து இங்கே நெருப்பும் புகையும் ஆள் வாடையும். வழி மாறியது. மாறிய வழி சரசுவின் சந்து.

"அக்கா, கற்பூரத்தை அந்தக் கல்லு மேல ஏத்தச் சொல்லேன். மரத்தை விட்டுடுங்க," என்றாள் சரசு.

"கல்லுல யாரு சூலம் போட்டுகீறா? உன் கடலைக்காக என் வியாபாரத்தை வுட்டுடணுமா?"

அவரோடு சண்டை போட முடியவில்லை, அவருக்கும் அது சோறு. சரசு வாகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தக் கூடையிலேயே ஒரு பொட்டலம் குங்குமமும் கற்பூரமும் வாங்கினாள்.

"இன்னாடி, நீயும் மாறிட்டியா?" என்று கனகா சிரித்தார்.

அன்றும் மறுநாளும் மாலையில், சந்திலிருந்த வேம்புக்கு சரசு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றினாள். தழும்பு சூலம் போல இல்லை. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மாமியார் தூரத்தில் புகையைப் பார்த்துவிட்டு வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். விடியலில் நான் போய்ப் பார்த்தேன். சந்தில் புதுத் தடம் இல்லை. கடலைச் செடி ஒன்றும் கலையவில்லை.

வெள்ளி, காலை ஏழு மணி. சேகர் தோளில் கம்பிச் சுருளோடு வந்தான். முதல் கம்பி கட்ட அந்த மூலையில் வேம்பை விட்டால் வேறு மரமில்லை.

"அண்ணி, இன்னா இது?"

"நீயே பாரு."

"மான் உரசினதுக்கு யாராவது குங்குமம் வெப்பாங்களா?"

"ரோட்டுல இருக்கறதும் அதே மான் உரசினதுதான். அங்க மூணு தேங்கா ஒடைச்சியே, இங்க ஆணி அடிப்பியா? அடி. அத்தை அதோ வர்றாங்க, அவங்க முன்னாலயே அடி."

சேகர் தன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கம்பியை இறக்கும்போதே செருப்பையும் கழற்றியிருந்தான். அது அவனுக்கே தெரிந்திருக்காது.

"மான் வராதுன்னு நீங்க எழுதித் தருவீங்களா?" என்று என்னிடம் கேட்டான்.

"மாட்டேன். ஆனா ரெண்டு நாளா வரலை. சந்தை முள் வெச்சு அடைச்சிடலாம்."

"அடைங்க. மறுபடி வந்துச்சுன்னா கம்பி இழுப்பேன்," என்று சொல்லிவிட்டுச் சுருளைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் தலை மறைந்த பிறகுதான் சரசு வரப்பில் உட்கார்ந்தாள். மதியத்துக்குள் நாங்கள் சந்தை அடைத்தோம். அன்று தட்டில் ஒரு முட்டை கூடுதலாக இருந்தது.

சனி, காலை ஆறு மணி. மூட்டையைக் கட்டிக்கொண்டேன். ஆட்டோவுக்கு நிற்காமல் பாதையிலேயே வடக்கே நடந்தேன். அந்த மான் இப்போது எந்த வழியாகத் தண்ணீருக்குப் போகிறது என்று தெரியாமல் போக மனம் வரவில்லை. இரண்டு கிலோமீட்டர் தாண்டி, யாரும் பயிரிடாத கரம்பு ஒன்று ஏரி வரை நீண்டு கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு சிறு வேம்பு, மலையைப் பார்த்த பக்கம் உரிந்து, பால் போல வெளுத்து, பாதையில் போகும் எவருக்கும் தெரியும்படி நின்றது. அடியில் அதே அகலக் குளம்பு. இப்போதும் தனியாகத்தான்.

நான் பல ஊர்களில் தங்கியிருக்கிறேன். கிளம்பும்போது வரச் சொன்னவர்கள் உண்டு, திரும்பிப் போனதில்லை. பிறந்த ஊரில் வீடு இருந்த இடத்தில் இப்போது வேறு யாரோ சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்ததோடு சரி. தண்ணீருக்குப் போக ஒரு வழி திறந்திருந்தால் எனக்குப் போதும் என்றுதான் எப்போதும் இருந்திருக்கிறது.

பாதையில் அதிகாலைக் கிரிவலக்காரர்கள் நாலைந்து பேர் தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். நான் பாதையோர ஓடைக்குள் இறங்கி இரண்டு கை நிறையக் களிமண் அள்ளி வந்து, மரத்தின் வெள்ளை முழுவதும் மறையும்படி அப்பினேன். அவர்கள் நெருங்கியபோது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் மரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "பஸ் ஸ்டாண்டு இப்படிக்கா?" என்று கேட்டார். நானும் அங்கேதான் போகிறேன் என்று சொல்லி அவர்களோடு நடந்தேன்.